குரவைக்கு அடியில்

குரவை என்றால் என்னவென்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால் வாயால் விளக்கி முடியாது. நாக்கை வேகமாக ஆட்டிக்கொண்டு தொண்டையிலிருந்து கூர்மையான ஒரு நீளச் சத்தத்தை விடுவது என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் கேட்டவர் சிரிப்பார். எங்கள் பக்கத்தில் அது பெண்களின் சந்தோஷச் சத்தம். மாப்பிள்ளை படியேறும்போது, வயதுக்கு வந்து குமரான பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்கும்போது, சுன்னத்துக் கலியாணத்தில் பொடியனுக்குப் புதுச் சாறன் உடுத்தும்போது, கதவுக்கும் திரைக்கும் பின்னால் நின்று பெண்கள் எல்லோரும் ஒன்றாகக் குரவை போடுவோம். திரைக்குப் பின்னால் இருக்கிற எங்களை வெளியே யாரும் பார்ப்பதில்லை. சத்தம் மட்டும் சந்திவரைக்கும் போகும். அதனால்தானோ என்னவோ, எங்களுக்கு அதில் அவ்வளவு பெருமை.

பக்கத்து வளவு மாமிதான் எங்கள் ஒழுங்கையில், அந்த ஒடுங்கிய தெருவில், குரவைக்குத் தலைமை. அவ ஒரு மூச்சில் போடுகிற குரவை கல்முனைச் சந்தையில் ஏறிப் பாண்டிருப்பில்தான் இறங்கும் என்று பகிடி பண்ணுவார்கள். "போடுங்கடி, மூச்சென்ன, ஆண்டவன் அளந்தா தந்தான்?" என்று எங்களை உசுப்பிவிடுவா.

மனிதர்களின் முகத்தைவிட அவர்கள் அடிக்கடி சொல்கிற வாய்ச்சொல்தான் எனக்கு முதலில் ஞாபகம் வரும். மாமிக்கு அந்த மூச்சு. முன்வீட்டு மூத்த மகளுக்கு "பாப்பம்." எதைக் கேட்டாலும் தலையைச் சாய்த்துக்கொண்டு அதையே சொல்வாள். இன்னும் ஒருவனுக்கு ஒரு வாய்ச்சொல் இருந்தது. "நான் இரிக்கன்தானே." பந்தல் கட்ட ஆளில்லையென்றால், விறகு கொத்த ஆளில்லையென்றால், கிழவர் ஒருவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக வேண்டுமென்றால், அவன் வந்து நின்று அதைச் சொல்வான். ஒழுங்கையே அந்தச் சொல்லில் சாய்ந்துகொண்டிருந்தது. எனக்கும் அது பிடித்திருந்தது. இன்றைக்கு யாராவது நல்ல மனிதர் நல்ல எண்ணத்தோடு அந்தச் சொல்லைச் சொன்னாலும் என் கை தானாக எதையாவது பிடித்துக்கொள்ளும்.

சூறாவளி அடித்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. முறிந்த தென்னைகளின் அடிக்கட்டைகள் வளவுகளில் அப்படியே நின்றன. குமரானதும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டவள் நான். காக்காமாரின், என் அண்ணன்மாரின், புத்தகங்களை வாசித்தும், கண்டவர்களிடம் கேட்டும் கற்றதுதான் என் படிப்பு. வீட்டில் ஒரு தையல் இயந்திரம் இருந்தது. விறாந்தையில் பாய் விரித்துப் பெண்களுக்குத் தையல் பழக்கினேன். தைக்க வந்தவர்களைவிடக் கதைக்க வந்தவர்கள்தான் கூட.

முன்வீட்டு மூத்த மகள் தைக்கவே வந்தாள். அவளுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள். தன் கலியாணத்துக்கான தலையணை உறைகளைத் தானே தைக்க வேண்டுமென்று ஆசைப்பட்டாள். அவளோடு ஒட்டிக்கொண்டு தங்கச்சியும் வருவாள். ஏழு எட்டு வயது இருக்கும். சின்னவள் வாய் மூடாதவள். துணித் துண்டுகளைப் பொறுக்கிக் கோழிக்குஞ்சுக்குச் சட்டை தைத்துத் தரச் சொல்வாள்.

"ராத்தா, ஊசிக்குக் கண் இரிக்கிதானே. அது என்னத்தப் பாக்கும்?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டாள்.

"நீ வாய் மூடுற நாளத்தான் பாத்துக்கிட்டு இரிக்கி" என்றாள் அவளுடைய அக்கா. விறாந்தையே சிரித்தது.

மூத்தவளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை, "நான் இரிக்கன்தானே" என்று சொல்கிறவன்தான். அவளுடைய வாப்பாவின் சகோதரி மகன், முறை மச்சான். எங்கள் ஊர்களில் கலியாணத்துக்குப் பிறகு பெண் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீட்டையும் வளவையும் மகளின் பேரில் எழுதிவிடுவார்கள். அந்த வீடும் அப்படியே மூத்தவளின் பேருக்கு எழுதப்பட்டிருந்தது. பெருநாள் கழிந்ததும் அவன் அங்கே குடிவருவதாக இருந்தது. உம்மா, வாப்பா, மூத்தவள், சின்னவள், அவன். ஒரே கூரை.

அதற்குமுன் எங்கள் ஒழுங்கைக் கடைசி வீட்டில் ஒரு சுன்னத்துக் கலியாணம் வந்தது. அஸர் தொழுகைக்குப் பிறகு பொடியனை அலங்கரித்து உட்கார வைத்தார்கள். வீடு நிறையப் பெண்கள். குசினியில் அடுப்புப் புகை. மாமி தொடங்கிவைத்தா. நாங்கள் பிடித்துக்கொண்டோம். ஒருவர் மூச்சு இறங்க மற்றவர் ஏற, இடைவெளியே விடாமல் போட்டோம். அப்படி ஒரு குரவையை அந்த ஒழுங்கை அதற்குமுன் கேட்டதில்லை என்று சாப்பாட்டில் இருந்த ஆண்கள்கூடச் சொன்னார்களாம்.

சின்னவளைக் கொஞ்ச நேரம் காணவில்லை என்பது யாருக்கும் தெரியாது. கலியாண வீட்டில் பிள்ளைகள் காணாமல் போவதும் வருவதும் சாதாரணம். பிறகு கிணற்றடியில் நின்றாள். சட்டையெல்லாம் மண்.

"எங்க விழுந்த?" என்று அவளுடைய உம்மா கேட்டா. பதில் இல்லை. முதுகில் ஒரு தட்டுத் தட்டி, முகத்தைக் கழுவி, வீட்டுக்குக் கூட்டிப்போனா.

அன்றிலிருந்து சின்னவள் கதைக்கவில்லை.

முதலில் காய்ச்சல். பிறகு காய்ச்சல் விட்டது, வாய் திறக்கவில்லை. பாயில் ஒண்ணுக்குப் போனாள். குளிப்பாட்டப் போனால் சட்டையைக் கழற்றவிடாமல் இறுக்கிப் பிடித்தாள். பயந்துவிட்டாள் என்று லெப்பையிடம் கூட்டிப்போனார்கள். அவர் தண்ணீர் ஓதிக் கொடுத்தார், கையில் நூல் கட்டினார். மறுபடியும் போனபோது அந்த மனிதர் பிள்ளையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது என்ட தண்ணிக்குப் போற பயமில்ல. புள்ளையோட ஆறுதலா இருந்து பாருங்க" என்று அனுப்பிவிட்டார். யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. லெப்பைக்கே பிடிபடாத ஜின் என்று கதை மாறிவிட்டது.

அதற்கு ஒரு சான்றும் கிடைத்தது. வேறொரு கலியாண வீட்டில் குரவை எழுந்தபோது சின்னவள் காதைப் பொத்திக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் ஓடி ஒளிந்தாள். உடம்பு நடுங்கியது. மாமி அதைப் பார்த்துவிட்டா.

"கண்டீங்களா? அது குரவையக் கேட்டுத்தான் நடுங்குது. சந்தோசச் சத்தம் அதுக்கு ஆகா. போடப் போட விட்டுட்டு ஓடும்."

மாமி நல்ல மனுசி. அந்தப் பிள்ளைக்காக நோன்பு நோற்றவ. அவ சொன்னது எங்கள் எல்லோருக்கும் நியாயமாகவே பட்டது. பிறகு எந்த வீட்டில் நல்ல காரியம் நடந்தாலும் சின்னவளைக் கொண்டுபோய் நடுவில் இருத்தினார்கள். ஒருவர் தோளைப் பிடிக்க, ஒருவர் கையைப் பிடிக்க, சுற்றி நின்று குரவை போட்டோம். அவள் வாயைத் திறப்பாள். சத்தம் வராது. வந்திருந்தாலும் எங்களுக்குக் கேட்டிருக்காது.

இரண்டு மூன்று வீடுகளில் அப்படி நடந்தது. அப்படிக் கடைசியாகப் போன வீட்டில் அவள் கால்கள் மடிந்து விழுந்துவிட்டாள். எல்லோரும் பதறிப்போனோம். திரைக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"விலகுங்க, நான் இரிக்கன்தானே. நான் தூக்கிட்டுப் போறன்."

அவன் குனிந்து கையை நீட்டினான். மடிந்து கிடந்த பிள்ளை, கைகளால் நிலத்தை இழுத்து இழுத்து என் காலுக்கடியில் வந்து நுழைந்தாள். என் சேலை நனைந்தது. அவன் சிரித்துக்கொண்டு நிமிர்ந்தான். அந்தச் சிரிப்பு முடிய வேண்டிய இடத்தில் முடியாமல் கொஞ்சம் நீண்டு நின்றது. அதற்குமேல் எனக்கு எதுவும் தெரியாது. ஆனாலும் பிள்ளையை நானே தூக்கிக்கொண்டு வந்தேன். அவளுடைய உம்மாவிடம் சொன்னேன்:

"இவள் பகல்ல என்னோட இரிக்கட்டும். ஓதவும் வேணா, குரவையும் வேணா. சும்மா இரிக்கட்டும்."

"உனக்கு வேல கெடுமே புள்ள."

"என்ட வேலையே கதைக்கிறதுதானே. கதைக்காத ஒராளும் இரிக்கட்டும்."

சின்னவள் தையல் இயந்திரத்துக்குக் கீழே, என் கால் மிதிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எல்லோரும் கேட்டுக் கேட்டுத்தான் அவள் இப்படி ஆகிவிட்டாள் என்று தோன்றியது, அவ்வளவுதான். இயந்திரம் ஓடும். நான் பெரிய ஆட்களோடு கதைப்பதைப் போலக் கோழியைப் பற்றி, மீன் விலையைப் பற்றி அவளிடம் கதைப்பேன். பதிலுக்குக் காத்திருக்கமாட்டேன். சில நாட்களில் அவள் விரல் துணித் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கியது. பிறகு, நிறம் நிறமாகப் பிரித்து வைத்தாள்.

பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன மகள், உன்ட ராத்தாட கலியாணத்துக்கு நாங்க போடுற குரவையில இந்த வேலிக் கிடுகெல்லாம் பறக்கும், பாத்துக்கிட்டு இரி" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனா.

நான் ஒரு சட்டைக் கழுத்துக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். இயந்திரத்துக்குக் கீழேயிருந்து குரல் வந்தது. பாவிக்காமல் கிடந்த கப்பி கிறீச்சிடுவதுபோல.

"போடாதீங்க."

சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினேன். குனியவில்லை. குனிந்தால் அந்தக் குரல் திரும்பிப் போய்விடும் என்று பயமாக இருந்தது.

"ஓம் மகள். போடல்ல."

"அண்டைக்கு நான் கத்தினன்" என்றாள். "நீங்கெல்லாம் குரவ போட்டீங்க."

"எங்க நிண்டு கத்தின?"

"விறகுக் கொட்டிலுக்க."

விறாந்தையில் ஒரு கோழி நடந்து போனது. அதன் நகம் சீமெந்துத் தரையில் படுகிற சத்தம்கூட எனக்குக் கேட்டது.

"ஆரு மகள் கூட்டிப் போன?"

அவள் பேரைச் சொல்லவில்லை. அவனுடைய குரலை அப்படியே எடுத்து, "நான் இரிக்கன்தானே" என்றாள்.

எந்த ஒரு பிள்ளையின் வாயிலும் அதைப்போல ஒரு சத்தத்தை நான் பிறகு கேட்டதில்லை. கேட்கவும் வேண்டாம்.

நான் மேலும் ஒன்றும் கேட்கவில்லை. பாயில் இறங்கி அவளுக்குப் பக்கத்தில், தொடாமல் இருந்தேன். "நீ சொன்னது நல்ல வேல. உன்னில ஒரு பிழையும் இல்ல. நீ கத்தினது சரி. எங்கட காதிலதான் பிழ" என்றேன். "உன்ட ராத்தாக்கிட்ட நான் சொல்லட்டா? நீ ஓமெண்டாத்தான் சொல்லுவன்."

சிவப்புத் துண்டு ஒன்றை எடுத்து மடித்தாள், விரித்தாள், மடித்தாள். பிறகு தலையாட்டினாள்.

அன்று பின்னேரமே முன்வீட்டுக்குப் போனேன். மூத்தவளிடமும் உம்மாவிடமும் வாப்பாவிடமும், குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னேன். உம்மா தன் முகத்தில் தானே அடித்துக்கொண்டா. அடித்த கை இறங்குமுன், "அவள் ஏன் அங்க போனாள்? ஏன் போனாள்?" என்று கேட்டா.

"உம்மா" என்றாள் மூத்தவள். சத்தம் போடவில்லை. "அந்தக் கேள்விய இனி இந்த ஊட்டுக்க ஆரும் கேக்கப்படாது."

வாப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சின்னப் புள்ள. கனாக் கண்டிரிக்கும். ஊரெல்லாம் சொல்லியாச்சு. என்ட ராத்தாட மகன். நான் என்னெண்டு போய்..."

"ஊடு ஆர்ட பேரில வாப்பா கிடக்கு?"

"இதென்ன கேள்வி? உன்ட பேரிலதான்."

"அப்ப நான் சொல்றன். அவன் இந்தப் படியில ஏறப்படாது. கலியாணமும் இல்ல, பெருநாளைக்குக் கைகுடுக்க வாறதும் இல்ல."

"ஊருக்கு என்னத்தச் சொல்ற? பொறகு உனக்கு மாப்பிள வராட்டி?"

அவள் தலையைச் சாய்த்தாள். "பாப்பம்" என்றாள்.

ஊருக்குச் சொன்னது, பெண்ணுக்கு விருப்பமில்லை என்பது மட்டும்தான். சின்னவளின் பேர் எந்த வாயிலும் விழக் கூடாது என்று மூத்தவள் பழி முழுவதையும் தன் தலையில் வாங்கிக்கொண்டாள். பொலிசுக்கு யாரும் போகவில்லை. பிள்ளையைச் சந்தியில் நிறுத்தினதாகிவிடும் என்றார் வாப்பா. அது சரியென்று அன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை, இன்றைக்கும் தோன்றவில்லை. ஆனால் அந்த வீட்டுக்கு முடிந்தது அவ்வளவுதான்.

கிணற்றடியில் கதை வளர்ந்தது. "சட்ட தைக்கப் போனவ கலியாணத்தக் கிழிச்சிட்டு வந்திரிக்கா" என்று எனக்குக் கேட்கச் சொன்னார்கள். இன்னொருத்தி, "அவட விறாந்தையில என்ன பழக்கிறாவோ, அல்லாஹ்தான் அறிவான்" என்றாள். மூத்தவள் குடத்தை நிறைத்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தாள்.

மாமிக்கு மட்டும் உண்மையைச் சொன்னோம். சின்னவளைக் கேட்டுத்தான் சொன்னோம். மாமி முழுவதையும் கேட்டா. பிறகு தொண்டையைக் கையால் பிடித்துக்கொண்டு, "இதுக்குள்ளயா புள்ள?" என்றா. "இந்தச் சத்தத்துக்கு அடியிலயா?"

அவனுக்குத் தெற்கே ஒரு ஊரில் வேறு பெண் பேசினார்கள். அந்த வீட்டிலும் அவன் குடிவரத்தானே போகிறான் என்று மூத்தவளுக்குத் தூக்கம் வரவில்லை. நானும் அவளும் பஸ் ஏறினோம். நிந்தவூர் தாண்டி இரண்டு பக்கமும் வயல். கதிர் முற்றியிருந்தது. அந்த வீட்டம்மா எங்களை வரவேற்றுத் தேத்தண்ணி தந்தா. உறவுக்காரர் என்று நினைத்திருப்பா. மூத்தவள் சொன்னாள், கண்ணை இறக்காமல் சொன்னாள். அந்த அம்மா கேட்டுக்கொண்டே கோப்பைகளை எடுத்து அடுக்கினா.

"வேணாமெண்டு உட்டுப் போட்டு, பொறகு பொறாமையில வாறதும் உலகத்தில இரிக்கி" என்றா. பிறகு, கொஞ்சம் தணிந்து, "எங்கட ஊட்டுல சின்னப் புள்ளையள் இல்ல" என்றா.

படியிறங்கும்போது நான் செருப்பைத் தேடிக் குனிந்தேன். என் செருப்புக்குப் பக்கத்தில் ஒரு சோடி சின்ன றப்பர் செருப்பு இருந்தது. ஒன்றின் வார் அறுந்து, ஊசி குத்தி வைத்திருந்தார்கள். மூத்தவளும் அதைப் பார்த்தாள். அந்தக் கலியாணம் நடந்தது. அந்தச் செருப்புக்காரி யாரென்று எனக்குத் தெரியாது. பக்கத்து வளவுப் பிள்ளையாக இருந்திருக்கலாம். என் விறாந்தைக்குச் சின்னப் பிள்ளைகள் வந்து செருப்பைக் கழற்றி வைக்கும்போதெல்லாம் நான் இன்றைக்கும் வார்களைப் பார்க்கிறேன்.

அதற்குப் பிறகு என் தையல் வகுப்பு வேறு வகுப்பாக மாறியது. திட்டம் போட்டு மாற்றவில்லை. பிள்ளைச் சட்டை வெட்டப் பழக்கும் நாள் அன்று. பாயில் துணியை விரித்து, சோக்கால் சட்டையின் உருவத்தைக் கீறினேன். கீறிவிட்டு, தாய்மாரைப் பார்த்துச் சொன்னேன்:

"இந்தச் சட்ட மூடுற இடமெல்லாம் புள்ளைக்குச் சொந்தம். குளிப்பாட்டுற தாயும், வருத்தம் பாக்கிற டொக்டரும் தாய்க்கு முன்னால தொடலாம். வேற ஆரும் தொடப்படாது. முறை மாமனும் இல்ல, மச்சானும் இல்ல, பாட்டாவும் இல்ல. இத உங்கட புள்ளைக்கு இப்பிடியே கீறிக் காட்டுங்க."

ஒருத்தி எழுந்து துணியைச் சுருட்டினாள். "இதெல்லாம் வாய்விட்டுக் கதைக்கிற கதையா? வெக்கமில்லையா?"

"நாம வாய் திறக்காததாலதான் வெக்கமில்லாதவன் ஒளிச்சு விளையாடுறான்" என்றா மாமி. அவ அதுவரைக்கும் தையல் வகுப்புப் பக்கம் வந்ததே இல்லை. "இரிடி. இருந்து கேளு."

எழுந்தவள் போய்விட்டாள். அடுத்த கிழமை தன் மகளையும் கூட்டிக்கொண்டு வந்து, ஒன்றும் நடக்காததுபோலச் சோக்குக் கட்டியைக் கேட்டாள்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னோம். கைகொடுக்க விருப்பமில்லாத பிள்ளையை இழுத்துக்கொண்டுபோய் யார் மடியிலும் இருத்தாதீர்கள். மாட்டேன் என்கிற பிள்ளைக்கு அடிக்காமல், தனியாக, மெதுவாக ஒரு தடவை கேளுங்கள். சொன்னால் நம்புங்கள். ஏன் போனாய் என்று கேட்காதீர்கள். ஒளித்து வைக்கச் சொல்லி யாராவது இனிப்புக் கொடுத்தால் அதையும் வந்து சொல்லலாம் என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். ஒருவர் கேட்காவிட்டால் அடுத்த ஆளிடம் சொல்லச் சொல்லுங்கள். கேட்கிற காது கிடைக்கும்வரைக்கும்.

மாமி தன் பங்குக்கு ஒன்று செய்தா. கலியாண வீடுகளில் அவ குரவை போடுவதை நிறுத்திக்கொண்டு, குசினிக்குப் பின்னால், கிணற்றடிக்கும் விறகுக்கும் நடுவே ஒரு பலகைக் கட்டையில் உட்கார்ந்தா. பிள்ளைகள் எந்தப் பக்கம் ஓடினாலும் அவவைக் கடக்க வேண்டும். ஏன் அங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு, "எனக்கு மூச்சு முடிஞ்சிட்டு" என்று சொல்வா. பிறகு அவவுக்குத் துணையாக வேறு பெண்கள் முறை வைத்து இருக்கத் தொடங்கினார்கள்.

சண்டை தொடங்கிக் காலம் கெட்டுப்போனது. சந்தி அடைக்கப்படுவதும், புகை தெரிவதும், ஆட்கள் இடம் பெயர்ந்து வருவதும் வழக்கமானது. பாண்டிருப்பிலிருந்து மீன் கொண்டு வருகிற ஒரு தமிழ்ப் பெண், ஒருநாள் தன் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தா. வானத்தில் ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு விறைத்துப்போகிறாளாம். பழக வேண்டும் என்று முற்றத்துக்கு இழுத்துப்போய்க் காட்டச் சொல்கிறார்களாம். என் விறாந்தையில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில், "ஐயோ, இழுக்காதீங்க" என்றார்கள். அவ திடுக்கிட்டுவிட்டா. அப்போது என் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தைத்துக்கொண்டிருந்த ஒருத்தி எழுந்து, அந்தப் பிள்ளையிடம் ஒன்றும் சொல்லாமல், ஒரு பெட்டி துணித் துண்டுகளைக் கொண்டுபோய் முன்னால் வைத்தாள். சின்னவள்தான். அப்போது அவளுக்குப் பாவாடை தாவணி வயது.

அவள் கதைத்தாள். பழைய வாயாடியாக இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள், சில நாள் சிரிப்பாள். விறகு எடுக்க மட்டும் போகமாட்டாள். யாரும் போகச் சொல்வதுமில்லை.

மூத்தவளின் "பாப்பம்" பல வருடங்கள் நீண்டது. கடைசியில் சந்தையில் கடை வைத்திருந்த, அதிகம் பேசாத ஒருவர் வந்தார். நிக்காஹ்வுக்கு முன்பே மூத்தவள் அவருக்கு ஒரு நிபந்தனை வைத்தாளாம். இந்த வீட்டில் என் தங்கச்சியின் அறைக் கதவைத் தட்டாமல் யாரும் திறக்கக் கூடாது, மாப்பிள்ளையானாலும். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தட்டிப்போட்டு, அவ சொன்ன பொறகுதானே திறக்கணும்?" என்று திருப்பிக் கேட்டாராம். அதில்தான் அவள் சம்மதித்தாள்.

கலியாணத்துக்கு முதல்நாள் பெண்கள் எங்கள் விறாந்தையில் கூடினார்கள். கேள்வி ஒன்றுதான். குரவை போடுவதா, விடுவதா?

"குரவை இல்லாட்டி ஆள் செத்த மௌத்து ஊடு மாதிரி இரிக்கும்" என்றாள் ஒருத்தி.

"இரிக்கட்டும்" என்றா மாமி.

சின்னவள் வாசலில் நின்றிருந்தாள். அவள் நிற்பதை நாங்கள் கவனிக்கவில்லை.

"போடுங்க" என்றாள். எல்லோரும் திரும்பினோம். "என்ட ராத்தாட கலியாணம். போடத்தான் வேணும். ஆனா நான் கையத் தூக்கினா நிப்பாட்டணும். எல்லாரும். ஒரேயடியா."

"ஏன் மகள்?" என்று தெரியாத ஒரு பெண் கேட்டாள்.

"சும்மா" என்றாள்.

மறுநாள் மாப்பிள்ளை படியில் கால் வைத்தார். திரைக்குப் பின்னால் வீடு நிறையப் பெண்கள். மாமியைக் கட்டாயப்படுத்தித் தொடங்கவைத்தோம். கிழவியாகிவிட்ட அந்தத் தொண்டையிலிருந்து குரவை எழுந்தது, நாங்கள் சேர்ந்துகொண்டோம். கிடுகு அதிர்ந்தது. என் கண்கள் சின்னவளை விட்டு அசையவில்லை. அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். உதடு வெளுத்திருந்தது. முதல் மூச்சு இறங்கி அடுத்த மூச்சு ஏறுகிற நேரம், அவள் கையைத் தூக்கினாள்.

நின்றது.

வெட்டினதுபோல நின்றது. மாப்பிள்ளை ஒரு காலைப் படியிலும் மறு காலைக் கீழேயும் வைத்தபடி திகைத்து நின்றார். ஆண்கள் பக்கம் யாரோ, "என்ன? என்ன நடந்த?" என்றார்கள். எங்களில் யாரும் அசையவில்லை. சின்னவள் முகத்தைப் பின்பக்கம் திருப்பி, வீட்டின் பின்னால், கிணற்றுக்கும் அப்பால், கேட்டுக்கொண்டிருந்தாள். நாங்களும் கேட்டோம். கடல் கேட்டது. குசினியில் சட்டி ஒன்று கொதிக்கிற சத்தம். கொல்லையில் பிள்ளைகள் யாரோ எதற்கோ சண்டை பிடித்து, ஒருத்தி மற்றவளை "போடி" என்று திட்டினாள்.

வேறு ஒன்றும் இல்லை.

அவள் அதற்குப் பிறகும் கையை இறக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் கேட்டாள்.